சந்தையின் சுதந்திரமும் ஆட்சியாளரின் கடமையும்

 

திருக்குர்ஆனின் மிகச் சிறிய அத்தியாயங்களுள் ஒன்று ‘குறைஷ்’. நான்கே வசனங்கள். குறைஷியர் குளிர்காலத்திலும் கோடையிலும் மேற்கொண்ட வணிகப் பயணங்களை நினைவூட்டும் அந்த அத்தியாயம், அவர்கள் பெற்ற இரண்டு அருட்கொடைகளைக் கூறி நிறைவடைகிறது. ஒன்று, பசி தீர உணவு. மற்றொன்று, அச்சம் தீரப் பாதுகாப்பு. ‘நஹ்ல்’ அத்தியாயத்தின் 112ஆம் வசனம் இதன் மறுபக்கத்தைக் காட்டுகிறது. நாலாபுறமிருந்தும் உணவு தாராளமாக வந்து சேர்ந்த, அமைதி நிலவிய ஓர் ஊர் நன்றி மறந்தது. பசியும் அச்சமும் ஆடையைப் போல அவ்வூரைப் போர்த்திக்கொண்டன என்பது அதன் கருத்து. கொடுக்கப்பட்டபோது உணவும் அமைதியும் சேர்ந்தே வந்தன. பறிக்கப்பட்டபோதும் சேர்ந்தே சென்றன. இது நாம் ஆழ்ந்து சிந்திக்க வேண்டிய செய்தியாகும்.

அவ்வாறாயின், உணவும் அமைதியும் ஒரு நாட்டில் நிலைபெற வழி என்ன? வணிகரை அவர் போக்கில் விட்டுவிட வேண்டும், அரசு குறுக்கிட்டால் எல்லாம் கெட்டுவிடும் என்பார் ஒரு சாரார். வணிகரை விட்டுவைத்தால் ஏழையை விழுங்கிவிடுவர், எல்லாவற்றையும் அரசே ஏற்று நடத்த வேண்டும் என்பார் மறு சாரார். இருபதாம் நூற்றாண்டில் உலக நாடுகள் இக்கேள்வியை முன்வைத்தே இரண்டு அணிகளாகப் பிரிந்து நின்றன. இன்றும் வெங்காய விலையோ பருப்பு விலையோ ஏறிவிட்டால், கடைத்தெருவில் தொடங்கும் பேச்சு இந்த இரண்டில் ஒன்றில்தான் சென்று முடிகிறது. இது பற்றி நம் ஷரீஅத் சட்ட நூல்கள் கூறுவதென்ன, வரலாறு காட்டும் பாடமென்ன என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம்.

இரண்டு குரல்கள்

திருக்குர்ஆனில் இரண்டு குரல்கள் பதிவாகியுள்ளன. முதலாவது, மத்யன் நகர வணிகர்களின் குரல். அளவிலும் நிறுவையிலும் மோசடி செய்யாதீர்கள் என்று ஷுஐப் (அலை) அவர்கள் எடுத்துரைத்தபோது, தங்கள் பொருளைத் தங்கள் விருப்பப்படி கையாளக் கூடாது என்று அவருடைய தொழுகைதான் அவரை ஏவுகிறதா என அம்மக்கள் ஏளனமாகக் கேட்டனர். ‘ஹூத்’ அத்தியாயத்தின் 87ஆம் வசனம் இதனைக் கூறுகிறது. ‘என் பொருள், என் விருப்பம், இதில் பிறருக்கு என்ன வேலை?’ என்பதே அவர்களது வாதத்தின் சாரம்.

இரண்டாவது, ஃபிர்அவ்னின் குரல். எகிப்து நாட்டின் ஆட்சியும், தனக்குக் கீழே ஓடும் ஆறுகளும் தனக்கே உரியவை அல்லவா என்று அவன் தன் சமூகத்தாரிடம் பெருமை பேசியதை ‘ஸுக்ருஃப்’ அத்தியாயத்தின் 51ஆம் வசனம் எடுத்துக் காட்டுகிறது. நாடும் நதியும் ஆள்பவனுடையவை, குடிமக்கள் அவன் தருவதைப் பெற்றுக்கொள்ள வேண்டியவர்கள் என்பது அவனது எண்ணம்.

கட்டற்ற வணிகம் என்ற பேச்சின் எல்லையில் நிற்பவர்கள் மத்யன்வாசிகள். கட்டற்ற அரசு என்ற பேச்சின் எல்லையில் நிற்பவன் ஃபிர்அவ்ன். இரு தரப்பாருக்கும் என்ன முடிவு நேர்ந்தது என்பதை நாம் அறிவோம். செல்வத்தின் உண்மையான உரிமையாளன் அல்லாஹ் ஒருவனே. வணிகரும் ஆள்பவரும் அதில் பொறுப்பாளர்கள் மட்டுமே. இந்த அடிப்படையை மறந்தால் இரு தரப்பும் ஒரே குழியில்தான் விழ நேரும்.

மதீனாவின் சந்தை

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மதீனாவுக்குக் குடிபெயர்ந்தபின் பள்ளிவாசலை அமைத்தார்கள் என்பது அனைவரும் அறிந்தது. முஸ்லிம்களுக்கென ஒரு சந்தைக்கும் இடம் தேர்ந்தெடுத்தார்கள் என்பதைப் பலர் அறியார். அச்சந்தையில் வியாபாரிகளிடம் வரி வாங்கலாகாது என்று அவர்கள் அறிவித்ததாக அறிவிப்புகள் உள்ளன. பிற்காலத்தில் உமர் (ரலி) அவர்கள், சந்தையும் பள்ளிவாசலைப் போன்றதே, முந்தி வந்து அமர்ந்தவருக்கே அன்றைக்கு அவ்விடம் என்று கூறியதாகவும் பதிவாகியுள்ளது. செல்வந்தருக்கென ஒதுக்கப்பட்ட இடம் அங்கில்லை. குலப் பெருமைக்கென ஒரு மூலையும் இல்லை.

இந்தச் சந்தையில் ஒருமுறை விலைவாசி ஏறியது. மக்கள் நபி (ஸல்) அவர்களிடம் வந்து விலையை நிர்ணயித்துத் தருமாறு வேண்டினர். நபியவர்கள் மறுத்துவிட்டார்கள். விலையின் ஏற்ற இறக்கத்தை அல்லாஹ்வின் கையில் உள்ளதாகக் கூறி, எவருடைய உயிரிலோ பொருளிலோ தாம் அநீதி இழைத்தோம் என்ற முறையீடு இல்லாத நிலையில் தம் இறைவனைச் சந்திக்க விரும்புவதாகச் சொன்னார்கள். அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி அபூதாவூத், திர்மிதி, இப்னுமாஜா ஆகிய நூல்களில் இடம்பெற்றுள்ளது.

அன்பர்களே! அந்நகரின் ஆட்சித் தலைவரும் அவர்கள்தாம். ஒரு சொல் சொல்லியிருந்தால் மறு பேச்சின்றி விலை இறங்கியிருக்கும். எனினும், விலை நிர்ணயம் விற்பவருக்கு அநீதியாகிவிடக் கூடும் என்று அஞ்சினார்கள். வாங்குபவர் ஏழை என்பதற்காக விற்பவரின் உரிமை பறிபோய்விடாது. ‘நிஸா’ அத்தியாயத்தின் 29ஆம் வசனம் இரு தரப்பின் மனப்பொருத்தத்தோடு நடக்கும் வணிகத்தையே ஆகுமாக்குகிறது. கட்டாயத்தால் பிறக்கும் விலையில் மனப்பொருத்தம் ஏது?

இதில் உலகியல் காரணமும் உண்டு. வெளியூரிலிருந்து ஒட்டகங்களில் தானியம் ஏற்றி வருபவர், மதீனாவில் விலை கட்டாயமாகக் குறைக்கப்படுகிறது என்று கேள்விப்பட்டால் வேறு ஊருக்குத் திரும்பிவிடுவார். ஊரில் இருப்பவரும் சரக்கை வெளியே எடுக்கமாட்டார். குதிரில் நெல் குறைந்துவிட்ட வீட்டில் மரக்காலை மாற்றி அளப்பதால் நெல் பெருகுவதில்லை.

சுதந்திரத்திற்கு இட்ட வேலிகள்

விலையைத் தொட மறுத்த அதே நபி (ஸல்) அவர்கள், சந்தையின் நடைமுறையில் பல தடைகளை விதித்தார்கள். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் சித்திரம் முழுமை பெறும்.

தானியக் குவியல் ஒன்றினுள் கையை நுழைத்து அடியில் ஈரத்தைக் கண்டபோது, அதனை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்க வேண்டாமா என்று வியாபாரியைக் கண்டித்தார்கள். உணவுப் பொருளைப் பதுக்குபவன் பாவி என்று எச்சரித்தார்கள். வாங்கும் எண்ணமின்றி விலையை ஏற்றிக் கேட்டு, உண்மையில் வாங்க வந்தவரை ஏமாற்றுவதைத் தடுத்தார்கள். வணிகக் கூட்டத்தினர் ஊருக்குள் நுழையும் முன்பே வழியில் எதிர்கொண்டு அவர்களது சரக்கை மொத்தமாக வாங்குவதையும் தடுத்தார்கள்.

இறுதியாகச் சொன்னதைச் சற்று விளக்குவோம். வெளியூர்க்காரருக்கு ஊருக்குள் என்ன விலை நடக்கிறது என்பது தெரியாது. அதை அறிந்த உள்ளூர்ப் பணக்காரர் வழியிலேயே மறித்துக் குறைந்த விலைக்குச் சரக்கை வாங்கிக்கொள்வார். பிறகு ஊருக்குள் தாம் வைத்ததே விலை என்று விற்பார். இதனால் கொண்டுவந்தவருக்கும் இழப்பு, வாங்குபவருக்கும் இழப்பு. நடுவில் நின்றவருக்கு மட்டுமே ஆதாயம். அத்தகைய வலையில் சிக்கியவர் ஊருக்குள் வந்து உண்மை விலையை அறிந்துகொண்டால் விற்பனையை முறித்துக்கொள்ளலாம் என்றும் நபிமொழி உரிமை வழங்குகிறது.

இந்தத் தடைகள் யாவும் சந்தையைக் காப்பதற்காகவே விதிக்கப்பட்டன என்பது கவனிக்கத்தக்கது. சரக்கின் உண்மைத் தன்மை வாங்குபவருக்குத் தெரிய வேண்டும். நடப்பு விலை விற்பவருக்குத் தெரிய வேண்டும். சந்தைக்கு வரும் பாதை எவராலும் அடைக்கப்படாமல் இருக்க வேண்டும். இவை நிறைவேறிய இடத்தில் பிறக்கும் விலையே சுதந்திரமான விலை. இவற்றைக் கண்காணிக்கவே பிற்காலத்தில் முஹ்தஸிப் என்னும் சந்தை அதிகாரி நியமிக்கப்பட்டார். எடைக்கல்லும் அளவு மரக்காலும் சரியாக உள்ளனவா, உணவில் கலப்படம் உள்ளதா என்பதைச் சோதிப்பது அவருடைய பணிகளுள் ஒன்று.

சட்ட அறிஞர்களின் தீர்ப்பு

உமர் (ரலி) அவர்கள் ஒருமுறை சந்தை வழியே சென்றபோது ஹாத்திப் (ரலி) அவர்கள் உலர்ந்த திராட்சை விற்றுக்கொண்டிருந்தார். ஒன்று விலையை மாற்றும்படி அல்லது சந்தையை விட்டு எழுந்துவிடும்படி கலீஃபா கூறியது இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் ‘முவத்தா’வில் பதிவாகியுள்ளது. இதன் தொடர்ச்சியை இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் அறிவிக்கிறார்கள். வீடு திரும்பிய கலீஃபா தமக்குள் ஆராய்ந்து பார்த்தார்; பின்னர் ஹாத்திபின் இல்லத்திற்கே சென்று, தாம் சொன்னது கட்டளை அல்ல, ஊராரின் நன்மையை நாடிச் சொன்னதே, விரும்பிய இடத்தில் விரும்பியபடி விற்கலாம் என்று தெரிவித்தார். பேரரசின் தலைவர் ஒரு திராட்சை வியாபாரியின் வாசற்படி ஏறிச் சென்று தம் சொல்லைத் திரும்பப் பெற்றார் என்றால், மற்றவரின் பொருளுரிமை அவர்களிடம் எவ்வளவு மதிப்புப் பெற்றிருந்தது என்பதை உணரலாம்.

நம் மதரஸாக்களில் ஓதிக்கொடுக்கப்படும் ‘ஹிதாயா’ என்னும் ஹனஃபி சட்ட நூல், ஆட்சியாளர் மக்கள் மீது விலை நிர்ணயம் செய்யலாகாது என்பதைப் பொது விதியாகக் கூறுகிறது. கூடவே ஒரு விதிவிலக்கையும் தருகிறது. உணவு வைத்திருப்போர் வரம்பு மீறி விலையேற்றி, வேறு எவ்வழியிலும் மக்களின் உரிமையைக் காக்க நீதிபதியால் இயலாமற்போனால், விவரம் அறிந்தவர்களுடன் கலந்தாலோசித்து விலை நிர்ணயிக்கலாம். ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான கருத்தின்படி, விலையேற்றக் காலத்திலும் விலை நிர்ணயம் கூடாது. ஆயினும், மக்கள் உணவின்றித் தவிக்கும்போது ஒருவரிடம் மட்டும் உணவு இருந்து, வேறெங்கும் கிடைக்கவில்லையெனில், அதை விற்குமாறு அவரைக் கட்டாயப்படுத்த வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடில்லை என இமாம் நவவி (ரஹ்) அவர்கள் குறிப்பிடுகிறார்கள்.

ஹிஜ்ரி 728இல் (கி.பி. 1328) மறைந்த அறிஞர் இப்னு தைமிய்யா இதனை இரண்டு வகையாகப் பிரித்து விளக்கினார். வணிகர்கள் முறைப்படி விற்றுக்கொண்டிருக்க, சரக்குக் குறைந்ததாலோ வாங்குவோர் பெருகியதாலோ விலை ஏறினால் அதில் தலையிடுவது அநீதி. மக்களுக்கு அவசியத் தேவை இருந்தும் வணிகர்கள் சரக்கை முடக்கி வைத்து அதிக விலை கேட்டால், அதற்கு ஒத்த நியாய விலையில் விற்கச் செய்வது கடமை. ஆகவே, முதலில் கேட்க வேண்டிய கேள்வி: இந்த விலை ஏன் ஏறியது? காரணத்தை அறியாமல் தீர்ப்புச் சொல்பவர், நாடி பாராமல் மருந்து கொடுக்கும் வைத்தியருக்கு ஒப்பாவார்.

அண்மைக்கால உதாரணம் ஒன்றைக் கூறலாம். 2020 மார்ச்சில் கொரோனா நோய் பரவத் தொடங்கியபோது முகக்கவசமும் கைச்சுத்திகரிப்பு திரவமும் பதுக்கப்பட்டு, பன்மடங்கு விலைக்கு விற்கப்பட்டன. இந்திய அரசு அவற்றை அத்தியாவசியப் பொருள்களாக அறிவித்து உச்சவரம்பு விதித்தது. மூன்றடுக்கு முகக்கவசம் 10 ரூபாய் என்றும், 200 மில்லி திரவம் 100 ரூபாய் என்றும் விலை வைத்தது. இந்த உச்சவரம்பு அவ்வாண்டு ஜூன் 30 வரை என்று காலக்கெடுவும் குறிக்கப்பட்டது. உற்பத்தி பெருகியபின் விலை தானாகவே தணிந்தது. நெருக்கடிக்கு ஒரு விதி, அதற்கொரு முடிவு நாள் என்ற இந்த அமைப்பு, நம் சட்ட அறிஞர்கள் கூறிய விதிவிலக்குக்கு நெருக்கமானதே.

பஞ்சம் வந்தபோது

இங்கு ஓர் ஐயம் எழலாம். பதுக்கலே இல்லை, உண்மையாகவே மழை பொய்த்து விளைச்சல் இல்லை, விலை ஏறுகிறது, ஏழையிடம் காசில்லை. அப்போது விலையில் தலையிடலாகாது என்று சொல்லி ஆட்சியாளர் கைகட்டி நிற்பதா?

இதற்கு விடையாக அமைந்தது ஹிஜ்ரி 18ஆம் ஆண்டு (கி.பி. 639). மண் சாம்பலைப் போலாகிவிட்டதால் ‘சாம்பல் ஆண்டு’ எனப் பொருள்படும்படி ‘ஆமுர் ரமாதா’ என்று வரலாறு அதற்குப் பெயரிட்டுள்ளது. ஹிஜாஸ் பகுதி வறண்டு, பாலைவன மக்கள் மதீனாவை நோக்கித் திரண்டனர். உமர் (ரலி) அவர்கள் மதீனா வணிகரின் விலையைக் குறைக்க உத்தரவிடவில்லை. அவர்கள் செய்தது வேறு. மழை பெய்த மாநிலங்களின் ஆளுநர்களுக்கு அவசரக் கடிதங்கள் எழுதினார்கள். ஷாமிலிருந்து அபூஉபைதா (ரலி) அவர்கள் நான்காயிரம் ஒட்டகங்களில் உணவு ஏற்றிவந்ததாகத் தபரீ குறிப்பிடுகிறார். மதீனாவில் பொதுச் சமையல் நடந்தது. ஓர் இரவு எண்ணிப் பார்த்தபோது நேரில் வந்து உண்டோர் ஏழாயிரம் என்றும், வர இயலாத நோயாளிகளும் குடும்பத்தாரும் நாற்பதாயிரம் என்றும் இப்னு ஸஅத் பதிவு செய்துள்ளார்.

அவ்வாண்டு ஸகாத் வசூல் நிறுத்திவைக்கப்பட்டது. பசியால் திருடியவர் மீது திருட்டுக்கான தண்டனை நிறைவேற்றப்படவில்லை. சந்தைக்கு வந்த ஒரு பை நெய்யையும் பாலையும் பணியாளர் நாற்பது கொடுத்துக் கலீஃபாவுக்காக வாங்கி வந்தபோது, விலை மிக அதிகம் என்று கூறி, இரண்டையும் தர்மம் செய்துவிடுமாறு சொன்னார்கள். மக்களைத் தீண்டும் துன்பம் தம்மைத் தீண்டாவிட்டால் அவர்களது நிலை தமக்கு எப்படிப் புரியும் என்பது அவர்கள் தந்த விளக்கம். விற்றவர் தண்டிக்கப்படவில்லை, வாங்கும் வசதியுள்ளவர்தாம் விலகிக்கொண்டார்.

மழை பெய்ததும் அகதிகளுக்கு வழியுணவும் வாகனமும் கொடுத்து அவரவர் ஊருக்கு அனுப்பிவைத்தார்கள். தேவை முடிந்ததும் தலையீடும் முடிந்தது. பின்னர் எகிப்தில் நைல் நதியைச் செங்கடலுடன் இணைத்த பழைய கால்வாய் தூர்வாரப்பட்டு, ஹிஜாஸுக்குத் தானியக் கப்பல்கள் வர வழி பிறந்தது. அடுத்த பஞ்சத்திற்கு முன்பே பாதை திறக்கப்பட்டது.

ஆக, விலையைத் தொடாதிருப்பது வேறு. மக்களைக் கைவிடுவது வேறு. இந்த வேறுபாட்டை மறந்த ஆட்சியில் என்ன நடக்கும் என்பதற்கு நம் தமிழ் மண்ணே சாட்சி.

தாது வருடத்துப் பாடம்

1876இல் பருவமழை பொய்த்தது. தாது வருடப் பஞ்சம் என்று நம் முன்னோர் இன்றளவும் பேசும் துயரம் தொடங்கியது. சென்னை மாகாண ஆளுநர் பக்கிங்ஹாம் பிரபு முப்பதாயிரம் டன் தானியம் வாங்க ஏற்பாடு செய்தார். வைஸ்ராய் லிட்டன் பிரபுவின் அரசு அதனைக் கண்டித்தது. விலை ஏறினால் தானியம் தானே வந்து சேரும், அரசு வாங்கத் தொடங்கினால் தனி வணிகர் விலகிவிடுவர், எனவே உணவு விலையைக் குறைக்கும் நோக்கில் அரசு தலையிடலாகாது என்பது அவர்களின் கொள்கை. பஞ்சம் பரவிக்கொண்டிருந்த 1877 ஜனவரி முதல் நாள், விக்டோரியா மகாராணியை இந்தியாவின் பேரரசியாக அறிவிக்கும் ஆடம்பர தர்பார் டெல்லியில் நடந்தது.

நிவாரணச் செலவைக் கட்டுப்படுத்த அனுப்பப்பட்டவர் ரிச்சர்ட் டெம்பிள். இவர் 1874இல் பீகாரில் வறட்சி ஏற்பட்டபோது, பர்மாவிலிருந்து சுமார் நான்கரை இலட்சம் டன் அரிசி வரவழைத்துப் பெரும் உயிரிழப்பைத் தவிர்த்தவர். அதற்காக, அளவுக்கு மீறிச் செலவழித்தார் என்று கடும் விமர்சனத்திற்கு ஆளானார். அதே மனிதர் சென்னைக்கு வந்தபோது, நாள் முழுதும் மண் சுமக்கும் ஆணுக்கு ஒரு ராத்தல் (சுமார் 450 கிராம்) தானியமும் சிறிது காசும் போதும் என்று கூலியைக் குறைத்தார். மாகாண சுகாதார ஆணையர் மருத்துவர் கார்னிஷ், இது உழைக்கும் உடலுக்குப் போதாது என்று எதிர்த்தார். அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் கால்வாய்ப் பகுதி இந்தப் பஞ்ச நிவாரண வேலையில்தான் வெட்டப்பட்டது. பக்கிங்ஹாம் கால்வாயைக் கடக்கும்போது இதனை நினைவில் கொள்ளலாம்.

பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் மட்டும் ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதே காலத்தில் இந்தியாவிலிருந்து இங்கிலாந்துக்குக் கோதுமை ஏற்றுமதி நடந்தவண்ணம் இருந்தது. விலை ஏறினால் தானியம் வரும் என்பது பொய்யன்று. ஆனால் காசுள்ளவர் இருக்கும் இடத்திற்குத்தான் வரும். விளைச்சல் இழந்த விவசாயியிடமும் கூலி இழந்த தொழிலாளியிடமும் வாங்கும் சக்தி இல்லை. உணவு இருந்தும் அதைப் பெறும் வழியற்றுப் போவதாலேயே மக்கள் பட்டினியில் சாகின்றனர் என்பதை அமர்த்தியா சென் 1981இல் வெளியிட்ட ‘வறுமையும் பஞ்சங்களும்’ என்ற ஆய்வு நூலில் விரிவாக நிறுவினார். சந்தை என்னும் ஏற்றம் நீர் இறைக்கும். ஆனால் கயிறு இல்லாதவருக்கு அதனால் பயனில்லை. அந்தக் கயிற்றைத் தருவது ஆட்சியாளரின் கடமை.

அரசே வணிகரானால்

மறுபக்கத்தையும் நீதியோடு பார்க்க வேண்டும். 1958இல் சீன அரசு ‘மாபெரும் பாய்ச்சல்’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. விவசாயிகளின் நிலங்கள் பெருங்கூட்டுப் பண்ணைகளில் இணைக்கப்பட்டன. வீட்டு அடுப்புகள் அணைக்கப்பட்டுப் பொதுச் சமையலறைகள் திறக்கப்பட்டன. மேலிடத்தை மகிழ்விக்க அதிகாரிகள் விளைச்சலைப் பலமடங்கு கூட்டிக் காட்டினர். அந்தப் பொய்க் கணக்கின்படி அரசு தானியத்தை அள்ளிச் சென்றது. கிராமங்கள் பட்டினியில் கிடக்க, வெளிநாடுகளுக்குத் தானிய ஏற்றுமதியும் நடந்தது. அடுத்த சில ஆண்டுகளில் மாண்டவர்கள் ஒன்றரைக் கோடி முதல் நாலரைக் கோடி வரை இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் மதிப்பிடுகின்றனர்.

தனி வணிகரும் இல்லை, பதுக்கலும் இல்லை, இலாப நோக்கமும் இல்லை. ஆனால் விவசாயிக்குத் தன் விளைச்சல் மீது உரிமை இல்லை. உண்மையைச் சொல்ல அதிகாரிக்குத் துணிவும் இல்லை. 1978இன் இறுதியில் அன்ஹுய் மாநிலத்துச் சியாவ்காங் என்ற சிற்றூரில் பதினெட்டுக் குடும்பத்தார் இரகசியமாகக் கைரேகை பதித்து, நிலத்தைத் தங்களுக்குள் பிரித்துப் பயிரிட முடிவு செய்தனர். அரசுக்குரிய பங்கைக் கொடுத்தபின் எஞ்சியது அவரவருக்கு என்பது ஒப்பந்தம். மறு ஆண்டே விளைச்சல் பெருகியது. பின்னர் அரசே அம்முறையை நாடெங்கும் அனுமதித்தது. மண் அதேதான், மனிதர்களும் அவர்கள்தாம். உழைத்தவருக்கு உரிமை திரும்பியது; உணவும் திரும்பியது.

ஆட்சியாளர் வணிகத்தில் இறங்குவது குடிமக்களுக்குக் கேடு, அரசின் வருவாய்க்கும் கேடு என்று இப்னு கல்தூன் (1332–1406) தம் ‘முகத்திமா’வில் தனி அத்தியாயமே எழுதியுள்ளார். ஆட்சியாளருடன் போட்டியிட எந்த வணிகராலும் இயலாது, வணிகர் முயற்சி இழப்பர், சந்தை சுருங்கும், இறுதியில் வரியும் வற்றும் என்பது அவருடைய வாதத்தின் சுருக்கம்.

அமைதி குலையும் விதம்

பசியையும் அச்சத்தையும் திருக்குர்ஆன் சேர்த்துக் கூறியதை ஆரம்பத்தில் கண்டோம். முஸ்லிம் நாடுகளிலேயே இதற்கு இரண்டு நிகழ்வுகள் உள்ளன.

1977 ஜனவரி 17 அன்று எகிப்து அரசு ரொட்டி, சர்க்கரை, சமையல் எண்ணெய் போன்றவற்றுக்கு அளித்துவந்த மானியங்களைத் திடீரெனக் குறைப்பதாக அறிவித்தது. மறுநாளே கெய்ரோ முதல் அலெக்சாண்டிரியா வரை கலவரம் மூண்டது. இராணுவம் தெருவில் இறங்கியது. எழுபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இரண்டு நாள்களில் அரசு தன் முடிவைத் திரும்பப் பெற்றது. ஏழையின் உணவுத் தட்டைக் கணக்குப் புத்தகத்தின் ஒரு வரியாக மட்டும் பார்த்ததன் விளைவு இது.

2010 டிசம்பர் 17 அன்று துனீசியாவின் சீதி பூஸீத் நகரில் முஹம்மத் பூஅஸீஸி என்ற தள்ளுவண்டிக் காய்கனி வியாபாரியின் சரக்கையும் தராசையும் நகராட்சி அலுவலர்கள் பறித்தனர். முறையிடச் சென்றவரை எவரும் செவிமடுக்கவில்லை. அவர் தமக்குத் தாமே தீ வைத்துக்கொண்டார். தன்னுயிரை மாய்ப்பது மார்க்கத்தில் தடுக்கப்பட்டது. அதை நியாயப்படுத்த வழியில்லை. ஆனால் அந்த நிலைக்கு ஒருவரைத் தள்ளிய அநீதிக்கு ஆட்சியே பொறுப்பு. 2011 ஜனவரி 4 அன்று அவர் இறந்தார். 14ஆம் நாள், இருபத்து மூன்று ஆண்டுகள் ஆண்ட அதிபர் பின் அலீ நாட்டை விட்டு வெளியேறினார்.

கெய்ரோவில் அரசு தாங்க வேண்டிய இடத்தில் கையை எடுத்தது. துனீசியாவில் எடுக்க வேண்டிய இடத்தில் கையை நீட்டியது. இரண்டிலும் அமைதி எரிந்தது.

நாம் செய்ய வேண்டியவை

வாசகர்களே! பஞ்சத்தைப் பற்றிப் பேசும் குர்ஆனிய வரலாறுகளுள் தலையானது யூசுஃப் (அலை) அவர்களுடையது. எகிப்தின் களஞ்சியப் பொறுப்பை ஏற்க முன்வந்தபோது அவர்கள் எடுத்துக் கூறிய தகுதிகள் இரண்டு: தாம் பாதுகாப்பவர், தாம் அறிந்தவர். அறிவில்லாத நேர்மை தாது வருடத்துக் கூலியைப் போலக் கணக்குப் பார்த்துக் கொல்லும். நேர்மையில்லாத அறிவு சீனத்துப் பொய்க் கணக்கைப் போல வரும். இரண்டும் ஒருங்கே அமைந்த நிர்வாகத்தைத் தேர்வதும், தேர்ந்தபின் தட்டிக்கேட்பதும் குடிமக்களின் கடமை.

வணிகம் செய்யும் சகோதரர்கள் தங்கள் சுதந்திரத்தை அமானிதமாகக் கருத வேண்டும். நியாயமான இலாபம் உங்கள் உரிமை. அதைக் குறைகூற எவருக்கும் இடமில்லை. ஆனால் மழை பொய்க்கும் என்று கேட்டதும் அரிசி மூட்டைகளை வாங்கி அடுக்கி, ஊர் தவிக்கும் நாளுக்காகக் காத்திருப்பது இலாபம் ஆகாது. சந்தையில் மோசடி பெருகும்போதெல்லாம் கண்காணிப்பும் கட்டுப்பாடும் பெருகவே செய்யும். நம் தராசு நேராக இருந்தால் அதிகாரிக்கு நம் கடையில் வேலை குறையும்.

தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் நியாயவிலைக் கடைகளில் அரிசி அட்டைதாரர்களுக்கு விலையின்றி அரிசி வழங்கப்படுகிறது. அதே தெருவில் தனியார் அரிசிக் கடையும் நடக்கிறது. அரசு கடைக்காரரின் விலையைத் தொடவில்லை. ஏழையின் அடுப்பையும் அணையவிடவில்லை. சாம்பல் ஆண்டில் கண்ட முறைக்கு இது ஒருவகையில் நெருங்கியது. இதன் உயிர்நாடி நேர்மையான விநியோகம். அந்த அரிசியைக் கள்ளத்தனமாக வாங்கிக் கடத்துபவர், பசித்தவரின் தட்டிலிருந்து திருடுகிறார். அதில் கிடைத்த காசு ஹலாலாகாது.

சந்தையா, அரசா என்று கேட்பவர்களுக்கு நம் பதில் இதுவே: சந்தையின் வாசல் திறந்திருக்க வேண்டும், தராசு நேராக நிற்க வேண்டும், வாங்க இயலாதவருக்கு உணவு சேர வேண்டும். முதலாவதில் ஆட்சியாளர் குறுக்கே நிற்கலாகாது. இரண்டாவதில் கண் மூடலாகாது. மூன்றாவதில் கை கட்டலாகாது.

பசியிலிருந்து உணவும் அச்சத்திலிருந்து அபயமும் அளிக்கும் இறைவன், நம் நாட்டு மக்கள் அனைவருக்கும் அவ்விரண்டையும் நிலைபெறச் செய்வானாக! கொடுக்கல் வாங்கலில் நம் அனைவரையும் நீதியாளர்களாக ஆக்குவானாக! ஆமீன்.